வாத்துக்கு அடியில் ஒன்றும் இல்லை

மார்ச் 3, செவ்வாய்

கழிப்பறையில் தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது. ஊற்றினால் வட்டமடிக்கிறது, யோசிக்கிறது, பிறகு நமக்காகப் பெரிய மனசு பண்ணி மெல்லப் போகிறது. அண்ணன் போனோடு உள்ளே போய் முக்கால் மணி நேரம் குடியிருப்பதால்தான் இப்படி என்பது என் கட்சி. என் தலைமுடிதான் அடைத்துக்கொண்டது என்பது அவன் கட்சி. அம்மா இரண்டு கட்சிக்கும் பொதுவாக ஒரு பாட்டில் பினாயிலைக் கவிழ்த்தாள். அப்பா கதவருகே நின்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, காற்று அடைத்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். அப்பாவுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது. அப்படி ஒன்று இருந்தால் அது அவருக்குத் தெரியாது.

மார்ச் 4, புதன்

மூன்றாவது பாட்டில். வாசனையில் ஆஸ்பத்திரி. தண்ணீர் மட்டும் அதே பிடிவாதம்.

மார்ச் 6, வெள்ளி

காலையில் குளித்துக்கொண்டிருந்தேன். தரைச் சல்லடை 'குளுக் குளுக்' என்று பேச ஆரம்பித்தது. போன தண்ணீர் திரும்பி வந்தது. தனியாக வரவில்லை, கூட்டாளிகளோடு வந்தது. தலை முழுக்க நுரையோடு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்று நான் போட்ட சத்தத்தில் அண்ணனே போனை வைத்துவிட்டு ஓடி வந்தான் என்றால் பார்த்துக்கொள்ளலாம்.

அப்பா தீர்ப்பைத் திருத்தினார். செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது.

டேங்கைக் கட்டியது சித்தப்பா. அப்பாவின் ஒரே தம்பி, கட்டட மேஸ்திரி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டையே அவர்தான் கட்டினார். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை லாரி கூப்பிட்டு உறிஞ்சி எடுக்க வேண்டும் என்று அப்போதே சொன்னாராம். நல்லா கட்டின டேங்க் தானே செரித்துக்கொள்ளும் என்று அப்பா இத்தனை வருஷம் அதைத் திறக்கவே இல்லை. தம்பியின் கைவேலையைப் புகழ்கிற சாக்கில் தம்பியின் பேச்சைத் தட்டுவது அவருக்குக் கைவந்த கலை.

டேங்கின் மூடி மண்ணுக்குள் ஓரடி ஆழத்தில் இருக்கிறது. மேலே புல். இடம் மறந்துவிடாமல் இருக்க அப்பா அடையாளம் வைத்திருக்கிறாராம். அவருக்கு நில அளவை அலுவலகத்தில் வேலை. அடுத்தவர் எல்லைச் சண்டையெல்லாம் கல்லைக் காட்டித் தீர்த்து வைப்பவர். "மனுஷன் பொய் சொல்லுவான், அடையாளம் சொல்லாது" என்பதைச் சோற்றோடு பிசைந்து எங்களுக்கு ஊட்டி வளர்த்தவர். வெறும் கல் அசிங்கமாக இருக்கும் என்று அம்மா சொன்னதால் ஒரு சிமெண்ட் வாத்தை வாங்கி மூடிக்கு நேர் மேலே நிறுத்தினாராம். "வாத்துக்கு நேர் கீழே" என்று லாரிக்காரரிடம் போனில் இரண்டு தடவை சொன்னார்.

நான் சன்னல் வழியாக வாத்தை எட்டிப் பார்த்தேன்.

அந்த வாத்து பதினாறு மாதமாக நடந்துகொண்டிருக்கிறது.

சரி, எழுதித் தொலைக்கிறேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நவம்பரில் ஒருநாள் வாத்தை ஒரு சாண் தள்ளி வைத்தேன். ஊர் நிலத்தை அங்குல சுத்தமாக அளக்கிறவர், சொந்த வீட்டு வாத்து நகர்ந்தால் கண்டுபிடிப்பாரா என்று ஒரு சின்னப் பரிசோதனை. கண்டுபிடிக்கவில்லை. அடுத்த மாதம் இன்னொரு சாண். அம்மா அதன் பக்கத்தில்தான் தினமும் துணி காயப்போடுகிறாள். அண்ணன் அதன் முதுகில் உட்கார்ந்துதான் போன் பேசுகிறான். ஒரு ஜீவனுக்கும் தெரியவில்லை. வாத்து வேலியைத் தொடும் நாளில் சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டி, இரண்டு பேரும் உருண்டு சிரிக்கலாம் என்று வைத்திருந்தேன். என் சேட்டைக்கெல்லாம் இந்தக் குடும்பத்தில் கைதட்டுகிற ஒரே ஆள் அவர்தான்.

அது அழகுக்கு வைத்த வாத்து என்றுதான் நினைத்தேன். அதற்கு இவ்வளவு பெரிய உத்தியோகம் இருக்கிறது என்று யார் சொன்னார்கள்?

நாளைக்குச் சொல்லிவிடுவேன். லாரி வருவதற்கு முன்னால்.

மார்ச் 7, சனி

சொல்லவில்லை.

லாரி ஏழு மணிக்கே வந்துவிட்டது. நான் பல் தேய்த்து முடிப்பதற்குள் அப்பா வாத்தைத் தூக்கி ஓரமாக வைத்து, அந்த இடத்தில் கடப்பாரையைப் போட்டிருந்தார். ஓரடி. ஒன்றும் இல்லை. இரண்டடி. ஒரு பழைய பல்துலக்கி. லாரிக்காரர் நல்ல மனுஷன். குளியலறையிலிருந்து குழாய் போகிற வழியிலேயே தோண்டிக்கொண்டு போனால் டேங்க் தானாகக் கிடைக்கும் என்றார். அடையாளம் இருக்கும்போது வழி எதற்கு என்று அப்பா இடப்பக்கம் ஒரு குழி, வலப்பக்கம் ஒரு குழி போட்டார். மூன்று குழியிலும் மண்புழுக்கள் மட்டும் எட்டிப் பார்த்தன.

"டேங்கே கட்டலை போல," என்றார் அப்பா.

"கட்டாம பதினோரு வருஷமா எங்கே போச்சு சார்?" என்றார் லாரிக்காரர்.

அப்பா அதை ரசிக்கவில்லை. வியர்வையும் மண்ணுமாக நின்று சித்தப்பாவுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்க நிறைய நேரம் இருந்தது. சொன்ன இடத்தில் கட்டாமல் தோன்றின இடத்தில் கட்டிவிட்டு அண்ணனிடமே பொய் சொல்லியிருக்கிறாய் என்று ஆரம்பித்தார். அதோடு விட்டிருக்கலாம்.

"சொந்தத் தம்பின்னு நம்பிக் கொடுத்தேன் பாரு. நீ ஏமாத்துக்காரன்டா."

அந்தப் பக்கம் சித்தப்பா சொன்னது எனக்கும் கேட்டது. "சரி அண்ணா. இனிமே உன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்."

லாரிக்காரர் குழாயைச் சுருட்டிக்கொண்டு, இடம் தெரிந்ததும் கூப்பிடுங்கள் என்று போய்விட்டார்.

மூடியை மறைத்ததும் நான். மூடி மறைப்பதும் நான்.

மார்ச் 8, ஞாயிறு

கழிப்பறைக்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீட்டு அக்கா முகம் சுளிக்காமல்தான் கதவைத் திறக்கிறார். ஆனால் அவர் வீட்டு நாய் ஒவ்வொரு தடவையும் என்னை மேலிருந்து கீழே பார்க்கிறது. அண்ணன் அங்கேயும் முக்கால் மணி நேரம்.

சித்தப்பாவுக்கு நான்கு தடவை போன் போட்டேன். எடுக்கவில்லை. என் போனைக்கூட எடுக்கவில்லை.

மார்ச் 9, திங்கள்

யாரும் பார்க்காதபோது வாத்தைப் பழைய இடத்திற்கே கொண்டுபோய் வைத்துவிட்டால் என்ன என்று ஒரு திட்டம். பதினாறு மாதம் கண்டுகொள்ளாத குடும்பம், இப்போது மூன்று பேரும் சன்னலில் நின்று வாத்தையே முறைக்கிறது. குழி பறிப்பது என்றால் என்ன என்று இனி யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டாம். சித்தப்பாவுக்கு நான் பறித்த குழி மொத்தம் மூன்று. பின்பக்கம் போனால் எண்ணிப் பார்க்கலாம்.

மார்ச் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அம்மா சாப்பாடு போட்டுக்கொண்டிருந்தாள். அப்பா, சித்தப்பாவின் போன் நம்பரையே அழித்துவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். வாய் தானாகத் திறந்துவிட்டது. "வாத்து நகர்ந்துடுச்சுப்பா. நான்தான் நகர்த்தினேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். அண்ணன் போனைக் கீழே வைத்தான். அப்பா என்னையே பார்த்தார். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"எவ்வளவு தூரம்?"

"மாசம் ஒரு சாண்ப்பா. பதினாறு மாசம்."

"உன் சாணா, என் சாணா?"

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, என் கையை மேசைமேல் விரித்து வைத்து அளவுநாடாவால் அளந்தார். ஏழு அங்குலம். எந்தப் பக்கம் என்றார். முதல் பத்து வேலிப் பக்கம், அதற்கப்புறம் ஆறு துணிக்கொடிப் பக்கம். நாடாவை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். வாத்து கடைசியாக நின்ற குழியிலிருந்து, கொடிக்கு எதிர்ப்பக்கம் மூன்றடி ஆறு அங்குலம். வேலிக்கு முதுகைக் காட்டி ஐந்தடி பத்து அங்குலம். கடப்பாரையை ஒரே ஒரு தடவை இறக்கினார்.

ணங்.

சித்தப்பா சொன்ன இடத்திலேயே இருந்தது.

அப்பா கடப்பாரையைப் பிடித்தபடி நெடுநேரம் அங்கேயே நின்றார். அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 11, புதன்

என்னைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு அப்பா சித்தப்பா வீட்டுக்குப் போனார். சித்தி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டார். சித்தப்பா கூடத்தில் உட்கார்ந்து சுவர் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதற்குள்ளிருக்கும் குமிழியைத் தவிர யாரையும் பார்க்கவில்லை. அப்பா என் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். நான் வாத்தின் வரலாற்றை முதலிலிருந்து சொன்னேன். வேறு நாளாக இருந்தால் சித்தப்பா மூன்றாவது சாணிலேயே தரையில் விழுந்திருப்பார்.

"அதனாலதான் தப்பு நடந்துபோச்சு," என்றார் அப்பா. மன்னிப்பு மாதிரியும் இருந்தது, அலுவலக அறிக்கை மாதிரியும் இருந்தது.

சித்தப்பா ரசமட்டத்தைக் கீழே வைத்தார். "அண்ணா, இவ வாத்தை நகர்த்த பதினாறு மாசம் எடுத்துக்கிட்டா. நீ என்னை நகர்த்த ஒரு நிமிஷம்கூட எடுத்துக்கலையே."

வீட்டுக்கு வந்ததும் அப்பா அளவுநாடாவை மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினார்.

எனக்குத் தண்டனையே கொடுக்கவில்லை. யாராவது கொடுங்களேன்.

மார்ச் 14, சனி

லாரி வந்தது. மூடியைத் தூக்கியதும் லாரிக்காரர் எங்கள் எல்லாரையும் பத்தடி தள்ளி நிற்க வைத்தார். உள்ளே இருக்கிற வாயு ஆளையே சாய்த்துவிடும், எட்டிப் பார்க்கக் கூடாது, தீப்பெட்டி கூடாது, என்ன விழுந்தாலும் எடுக்க இறங்கக் கூடாது. அவரே இறங்கவில்லை. குழாய் மட்டும் இறங்கியது. பதினோரு வருஷம் 'கொரகொர'வென்று மேலே ஏறியது. பள்ளிக்கூடத்தில் கழிவிரக்கம் என்று ஒரு சொல் படித்திருக்கிறேன். இன்றுதான் அது முழுசாகப் புரிந்தது.

காலியானதும் விளக்கடித்துப் பார்த்தார். ஒரு பக்கச் சுவர் வெடித்து, மரத்தின் வேர் உள்ளே வந்து சடை விரித்திருந்தது. ஒரு மாதம் ஓட்டலாம், அதற்குள் புதிதாகக் கட்டிவிடுங்கள் என்றார். டேங்குக்குள் நல்ல கிருமிகள் உண்டாம், கழிவைத் தின்று செரிப்பதே அவைதானாம். வாரா வாரம் பினாயில் ஊற்றிக் கொன்றது யார் என்று கேட்டார். அம்மா துணி எடுக்கப் போய்விட்டாள்.

போகும்போது, இந்த டேங்க் மூன்று பேருக்குத்தான் காணும், இவ்வளவு சின்னதாகக் கட்டச் சொன்னது யார் என்றும் கேட்டார். அப்பாவும் துணி எடுக்கப் போய்விட்டார். பெரிதாகக் கட்டலாம் என்று சித்தப்பா அன்றைக்குத் தலைதலையாக அடித்துக்கொண்டாராம். அம்மா பிறகு சொன்னாள்.

மார்ச் 17, செவ்வாய்

யாரோ சொல்லி யாரோ அனுப்பிய ஒரு கொத்தனார் வேலையை ஆரம்பித்தார். அப்பா லீவு போட்டுவிட்டு, கட்டம் போட்ட தாளில் நான்கு வண்ணத்தில் வரைபடம் போட்டுக் கொடுத்தார். நீளம், அகலம், வீட்டுச் சுவரிலிருந்து தூரம், வேலியிலிருந்து தூரம். வடக்கு எது என்று காட்ட ஓர் அம்புக்குறிகூட உண்டு. கழிவுக்கு வடக்கு தெரிந்தாக வேண்டும் பாருங்கள்.

மார்ச் 21, சனி

பழைய டேங்குக்குப் பக்கத்திலேயே புதுச் சுவர் எழும்பிவிட்டது. மத்தியானம் நான் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே, பக்கவாட்டுச் சந்தில் ஒரு தலை தெரிந்தது. சித்தப்பா. இந்த வழியாக எங்கோ போகிறாராம். அந்தச் சந்து எங்கள் குப்பைத் தொட்டியோடு முடிந்துவிடும்.

பார்த்தார். சும்மா போகத்தான் நினைத்திருப்பார், பாவம். ஆனால் கண் குழாய்களில் மாட்டிக்கொண்டது.

"மேஸ்திரி, தண்ணி உள்ளே வர்ற குழாய் கீழே இருக்கு. வெளியே போற குழாய் மேலே இருக்கு. வந்த தண்ணி எங்கே போகும்?"

கொத்தனார் வரைபடத்தைக் காட்டினார். அப்பா வந்து எட்டிப் பார்த்தார். அதில் நீளம் இருந்தது, அகலம் இருந்தது, வடக்கு இருந்தது. உயரம்தான் இல்லை. நில அளவையில் அவருக்கு அது தேவைப்பட்டதே இல்லையாம்.

அவ்வளவுதான். சித்தப்பா வேலியைத் தாண்டிக் குதித்தார். ஐம்பது வயசு ஆள் குதித்ததை என் கண்ணால் பார்த்தேன். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பொதுவாகக் காற்றிடம் சொன்னார். "நான் யார் வீட்டுக்கும் வரலை. இந்தக் குழிக்கு வந்தேன்."

மார்ச் 24, செவ்வாய்

நான்கு நாளாகச் சித்தப்பா வேலியைத் தாண்டி வருகிறார், வேலியைத் தாண்டிப் போகிறார். வீட்டுக்குள் கால் வைப்பதில்லை. அம்மா சமையலறைச் சன்னல் கம்பி வழியாகத் தட்டை நீட்டுகிறாள். சாப்பாட்டோடு சண்டை இல்லையாம். அப்பாவிடம் மட்டும் பேசுவதில்லை. அப்பா ஓரெட்டுத் தள்ளி நின்றாலும் எல்லாம் என் வழியாகத்தான் போய் வருகிறது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு இதுதான் உத்தியோகம்.

"வாலு, நடுச்சுவர் இன்னும் ரெண்டு வரி செங்கல் ஏறணும்னு உங்கப்பாகிட்ட சொல்லு."

"அப்பா, இன்னும் ரெண்டு வரி ஏறணுமாம்."

"ஒரு வரி போதும்னு சொல்லு."

"சித்தப்பா, ஒரு வரி போதும்னு தோணுதாம். ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்குமாம்."

"அதை நான் சொல்லலை," என்றார் அப்பா.

"அவர் சொல்லலைன்னு எனக்கும் தெரியும்னு சொல்லு," என்றார் சித்தப்பா.

கொத்தனார் கரண்டியால் முகத்தை மறைத்துக்கொண்டார். நடுச்சுவர் இரண்டு வரி ஏறியது.

இரண்டு அறை எதற்கு என்று நானாகவே கேட்டேன். முதல் அறையில் கனமானது அடியில் தங்கும், எண்ணெயும் நுரையும் மேலே மிதக்கும், நடுவில் இருக்கிற தெளிந்த தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும், அங்கிருந்து உறிஞ்சு குழிக்கு. அதற்குத்தான் குழாயின் வாய் T மாதிரி கீழே பார்க்கிறதாம். இதை விளக்கும்போது சித்தப்பா என்னைப் பார்த்துப் பேசினார். கோபம் பாதி இறங்கியிருக்கிறது என்று நினைக்கிறேன். அடியில் தங்கினது தங்கினதுதான்.

மார்ச் 27, வெள்ளி

பூச்சு வேலை முடிந்தது. சித்தப்பா கை கழுவிக்கொண்டிருந்தார். அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார். குரலைத் தாழ்த்தி, "அன்னிக்குப் போன்ல பேசினது தப்புன்னு அவன்கிட்ட சொல்லு," என்றார்.

சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம். நன்றாக மசாலா சேர்த்து, கண்ணீர் வரும்படிகூடச் சொல்லியிருப்பேன். எனக்கா தெரியாது.

"இதை நான் எடுத்துக்கிட்டுப் போக மாட்டேன்ப்பா," என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு, காய்ந்துகொண்டிருந்த சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

இவ்வளவு நாளில் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தது இது ஒன்றுதான். தப்பா சரியா? தெரியவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

டேங்க் நிறையத் தண்ணீர் விட்டு, சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரு நாள் வைத்தார்கள். இறங்கவில்லை. மூடிபோடும் ஸ்லாப்பும் தயார். சித்தப்பா இன்னும் வேலி வழியாகத்தான்.

ஏப்ரல் 5, ஞாயிறு

வீட்டுக் குழாயைப் புது டேங்குக்கு மாற்றிவிட்டார்கள். வெள்ளோட்டம். டேங்குக்கு முன்னால் ஒரு சின்னப் பார்வைக்குழி. தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று அங்கேதான் பார்க்க வேண்டும். அப்பா அதன் மூடியைத் திறந்து குனிந்து நின்றார். சித்தப்பா பக்கத்தில். உள்ளே கழிப்பறையில் வாளியோடு அண்ணன்.

அண்ணன் செடிக்கு ஊற்றுவதுபோல் ஊற்றினான். ஒன்றும் வரவில்லை. ஒரே மூச்சாக ஊற்றச் சொல்லி நான் ஓடிப்போய்ச் சொன்னேன். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு மறுபடி மெதுவாக ஊற்றினான். நான்காவது தடவை சித்தப்பாவின் காது சிவந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக விறுவிறுவென்று உள்ளே போனார். அடுப்படியில் அம்மா அப்படியே நின்றுவிட்டாள். சபதம் என்னாயிற்று என்று அவள் கண்ணால் கேட்டாள். பின்வாசலுக்குப் படியே கிடையாது, சமதரை என்று நான் வாயசைத்தேன்.

சித்தப்பா அண்ணனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். வாளி நிரம்பும் சத்தம். அப்புறம் ஒரே கவிழ்ப்பு.

பார்வைக்குழியில் தண்ணீர் சரசரவென்று பாய்ந்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லு என்று கையைக் காட்டினார். நான் அசையவில்லை. அவர் நிமிர்ந்து, கழிப்பறையின் சின்னச் சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"வருதுடா தம்பி."

உள்ளேயிருந்து, "தெளிவா வருதா?"

"தெளிவா வருது." அப்பா சன்னலுக்கு அடியில் போய் நின்றுகொண்டார். "அன்னிக்கு உன்னை அப்படிச் சொன்னது தப்புடா. பெரிய தப்பு."

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு உள்ளே குழாயைத் திறக்கும் சத்தம், வாளி நிரம்பும் சத்தம். இன்னொரு தடவை தண்ணீர் பாய்ந்து வந்தது, முன்னைவிட வேகமாக.

"இப்போ?" என்றார் சித்தப்பா.

"இப்பவும் வருது," என்றார் அப்பா. மூக்கை உறிஞ்சினார். நாற்றமே இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சித்தப்பா காலையிலேயே முன்வாசல் வழியாக வந்துவிட்டார். காற்றுக்குழாயின் உயரம் போதாது என்கிறார். அப்பா போதும் என்கிறார். இரண்டு பேரும் டேங்க் மூடிமேலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து மூன்று மணி நேரமாக நேருக்கு நேர் கத்திக்கொண்டிருக்கிறார்கள். ஏதாவது சொல்லட்டுமா என்று நடுவில் போய் நின்றேன். வழியை மறைக்காதே என்று இரண்டு பேரும் சேர்ந்து விரட்டினார்கள்.

எனக்கு வேலை போய்விட்டது.